ரோடு இல்லாத வழி

"இந்தப் பக்கமா வழி இருக்குமா?" என்று அவரிடம் கேட்டு, "இல்லை" என்ற பதிலோடு திரும்பியவர் யாரையும் எனக்குத் தெரியாது. கேள்வி முடிவதற்குள்ளேயே "இருக்குது" என்பார். எந்தப் பக்கம், எந்த மாதம், போகிறவர் யார் என்று விசாரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆற்றோரத்து முள்காட்டைக் காட்டினாலும் அதே பதில். தண்ணீர் நிற்கும் கழனியைக் காட்டினாலும் அதே பதில்.

"எப்படிங்க இவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதோ ஆடு மேயுது, பாத்தீங்களா?"

"ஆமா."

"ஆட்டுக்காரன் இன்னா பறந்தா போனான்?"

அவருடைய உலகம் முழுவதும் இந்த ஒரு தர்க்கத்தின் மேல்தான் நின்றது. மனிதர் வேலை செய்யும் இடத்துக்கெல்லாம் ஒரு தடம் இருந்தே தீரும். கால் போகும் தடத்தில் சைக்கிளும் போகும். போகாவிட்டால் அந்த நாலடிக்கு இறங்கித் தள்ளிக்கொள்ளலாம். மேலுதட்டில் மெல்லிய மீசையும், காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சிலுமாக, இதை அவர் சொல்லும்போது மறுத்துப் பேச எதுவும் இருக்காது.

செவிலிமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு அவருடையது. நான் அப்போது தினமும் ரயிலில் சென்னைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் எனக்கு ஊர். அவர் பிள்ளையார்பாளையத்தில் பட்டுப் புடவைகளுக்கு டிசைன் வரைபவர். மனைவி நர்ஸ். ஞாயிறு காலைகளில் அந்த அம்மாளுக்குப் பெரும்பாலும் டூட்டி இருக்கும். எங்களுக்கு அவர் கிடைத்தது அதனால்தான் என்பது என் கணிப்பு. பிள்ளைகளுக்கு அவர் 'கிராஃப் அங்கிள்'. அவர்கள் அந்தப் பெயரைக் கேலியாகத்தான் தொடங்கினார்கள்.

கேலிக்குக் காரணம் இருந்தது. மற்றவர்கள் போனில் வரைபடம் பார்க்கும் காலத்தில் அவர் டிசைன் வரையும் கட்டத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். ஒரு கட்டம் என்றால் இருபது மிதி. எண்ணிக்கொண்டே மிதிப்பார், நின்று ஒரு கட்டத்தில் நிறம் போடுவார், மறுபடி மிதிப்பார். நிறங்களுக்குப் பட்டுநூல் பெயர்கள்தான். முள் இருக்கும் இடம் அரக்கு, நிழல் இருக்கும் இடம் கிளிப்பச்சை, தண்ணீர் மயில்கழுத்து. நெசவில் முதல் இழை கீழே விழுவதால் அவருடைய தாளிலும் வீடு எப்போதும் கீழ் ஓரத்தில்தான் இருக்கும். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அவர் கொடுத்த தாள்களில் பதினொன்று இன்றும் என்னிடம் இருக்கின்றன. எந்த வாரம் எதில் போனோம் என்று ஒவ்வொன்றின் பின்பக்கமும் நான் எழுதி வைத்திருக்கிறேன். அவர் பிறகு ஆந்திரப் பக்கம் ஒரு நெசவு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார். தாள்களைத் திருப்பிக் கேட்கவில்லை.

இதெல்லாம் தொடங்கியது ஓர் ஆடி மாதச் சனிக்கிழமை மாலையில். ட்யூஷன் விட்டு வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் எதிர்வீட்டு தருணின் ஹேண்டில்பாரைப் புறவழிச் சாலையில் ஒரு மினி லாரி உரசிவிட்டுப் போனது. முழங்கை எலும்பில் விரிசல். ஆறு வாரம் கட்டு. இன்னும் ஓர் அடி உள்ளே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாள் காலைக்குள் எங்கள் தெருவின் கியர் சைக்கிள்கள் எல்லாம் வீட்டுக்குள் போய் மாடிப்படிக்கு அடியில் சங்கிலி போட்டுக்கொண்டன. என் மகள் யாழினி அப்போது ஒன்பதாம் வகுப்பு. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எல்லா வீடுகளும் யாழினியின் தோழி பவித்ராவின் அம்மாவைப் பார்த்துத்தான் முடிவெடுத்தன. வீட்டிலேயே தறி போட்டிருந்த பட்டு நெசவாளி அவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் தெரு கேட்கும். அவர் பவித்ராவை அனுப்பினால் மற்றவர்களும் அனுப்புவார்கள், அவர் அனுப்பாவிட்டால் யாரும் இல்லை. டிசைன்காரர் அவரிடம் போய்ப் பேசியபோது நானும் இருந்தேன்.

"பசங்கள வீட்லயே வச்சிக்கினு இருந்தா போனத்தான் நோண்டும்மா. நான் கூட்டிக்கினு போறேன்."

"ரோட்டுல லாரி வருதா இல்லியா?"

"வருது."

"அப்ப ரோடே இல்லாத வழி ஒண்ணு காட்டுங்க. அனுப்புறேன்."

பேச்சை முடிப்பதற்காக அவர் சொன்னது அது. காஞ்சிபுரத்தில் ரோடு இல்லாத வழிக்கு எங்கே போவது? ஆனால் எதிரே நின்றவர் யார் என்பதை அந்த அம்மாள் அன்று அறிந்திருக்கவில்லை.

"இருக்குது," என்றார் இவர்.

ஆவணி, புரட்டாசி முழுவதும் அவர் தனியாகச் சுற்றினார். காலை ஐந்தரைக்குக் கிளம்பி எட்டுக்குத் திரும்புவார். எந்தப் பாதையையும் தான் ஒருமுறை முழுதாகப் போய்ப் பார்க்காமல் பிள்ளைகளை அதில் விட மாட்டார் என்பதை நான் அப்போதே கவனித்தேன். விசாரிப்பதிலும் ஒரு முறை வைத்திருந்தார். டீக்கடையில் கேட்கவே மாட்டார். "டீக்கடைல கேட்டா பஸ் நம்பர் சொல்லுவான்," என்பார். புல்கட்டோடு வரும் பெண்களைக் கேட்பார், பம்புசெட்டில் குளிப்பவர்களைக் கேட்பார், ஆட்டுக்காரர்களைக் கேட்பார். "சைக்கிள் போவுமா?" என்று கேட்க மாட்டார். "நீங்க எப்பிடி வந்தீங்க?" என்பார். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் போக முடியாது, பாருங்கள்.

ஐப்பசியில் அவர் தாளோடு போய் நின்றபோது பவித்ராவின் அம்மா சம்மதித்தார். அவருடைய நிபந்தனை இரண்டு வரியில் இருந்தது. ரோட்டில் ஒரு சக்கரம்கூட ஓடக் கூடாது, குறுக்கே கடப்பதென்றால் இறங்கித் தள்ள வேண்டும். ஒன்பது மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். "ஒருவாட்டி ஏமாத்துனீங்கன்னு தெரிஞ்சா அதோட சரி," என்றார்.

முதல் சவாரிகள் எல்லாமே கொஞ்சம் வேடிக்கைதான். வீட்டிலிருந்து மண் பாதை தொடங்கும் இடம் வரைக்கும் ரோடு இருந்தால் அங்கே ஓட்டக் கூடாதே. அதனால் ஐந்து சைக்கிள்களையும் என் பழைய ஸ்டாண்டு சைக்கிளையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவோம். அந்த வண்டி ஓட்டும் இளைஞன் ஒவ்வொரு வாரமும் அதையே சொல்லிச் சிரிப்பான்.

"சைக்கிள் ஓட்டறதுக்கு சைக்கிள வண்டில ஏத்திக்கினு போறீங்க. என் வண்டிய எதுல ஏத்தறது?"

"ஏரிக்கரைக்கு வா, படகு இருக்குதான்னு பாக்குறேன்," என்பார் இவர்.

முசரவாக்கம் ஏரிக்குப் போனது கார்த்திகை இரண்டாம் ஞாயிறு. தருணின் கை சரியாகி அவன் வந்த முதல் சவாரி அதுதான். போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் முன்னால் போனான். ஏரியின் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு, யாரோ டிராக்டர் ஓட்டிய தடம். படம் கோடையில் எடுத்தது. நாங்கள் போய் நின்றபோது கரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றது.

"அங்கிள், மேப்ல வழி இருக்கு," என்றான் தருண்.

"இருக்குது. மேல தண்ணியும் இருக்குது. நீ வழில போறியா, தண்ணில போறியா?"

"உங்க கிராஃப்ல?"

"என்னுது போன வாரம் போட்டது." தாளை விரித்துக் காட்டினார். ஏரி முழுக்க மயில்கழுத்து. ஓரத்தில் கரைமேல் பனைமரங்களை ஒட்டி ஒரு மெல்லிய பச்சைக் கோடு மதகுவரைக்கும் போய்த் திரும்பியது. அதில்தான் போனோம். யாழினி இரண்டு கையையும் விட்டு ஓட்டிக் காட்டினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஐயம்பேட்டைப் பக்கம் போன ஞாயிறு வேறு மாதிரி. வாய்க்கால் கரையிலிருந்து ஊருக்குள் நுழையும் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்கும் பட்டு இழைகள், கவட்டைக் கழிகளின் மேல் ஈரமாக, கஞ்சி வாசத்தோடு. ஓரத்தில் சைக்கிள் போக இடம் இருந்தது. பிள்ளைகள் நேராகப் போக, இவர் கையை நீட்டித் தடுத்தார்.

"எறங்கு, எறங்கு. தூக்கிக்கினு நட. ஒரு தூசி பறந்து கஞ்சில ஒக்காந்தா, அத எடுக்க அவங்களுக்கு அரை நாள்."

பாவுக்குத் தூரிகை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "பரவால்லியே, தெரிஞ்ச ஆளு," என்றார். அந்தத் தெருவில் எங்களுக்கு வழி இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதற்குப் பின் இரண்டுமுறை அதே தெருவில் நடந்திருக்கிறோம். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஒருநாள் மட்டும் ஏழு பஞ்சர். சீமைக்கருவேலம் முள். பிள்ளைகள் அழுகிற நிலைமை. பம்பை அழுத்திக்கொண்டே இவர் சொன்னார்: "இது முள்ளு இல்ல கண்ணு, வேலி. வேலி இருந்தா உள்ள நெலம் இருக்குது. நெலம் இருந்தா அதுக்கு வழி இருக்குது." சொன்னபடியே அந்த முள்ளுக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையும் வண்டித்தடமும் இருந்தன. பவித்ரா என் காதில் சொன்னாள்: "ஆன்ட்டி, இவரு தப்பா சொன்னா நல்லா இருக்கும்ல, ஒருவாட்டி?"

ஆனால் குட்டி யானை இல்லாமல் போவதுதான் அவருடைய உண்மையான ஆசை. வாசலில் சைக்கிளை எடுத்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நடுவில் தார் கூடாது. அதற்கு எங்களுக்குப் பாலாறுதான் இருந்தது. வடகரையோரமாகக் கிழக்கே போய், மணலில் இறங்கி ஆற்றைக் கடந்து, தென்கரையோரமாகத் திரும்பி, எங்கள் ஊருக்கு எதிரே மறுபடியும் மணலைக் கடந்து ஏறிவிடலாம். பாலத்தைத் தொடவே வேண்டாம். மார்கழி முழுவதும் இதற்காக அலைந்தார்.

அந்த மாதத்தில் ஒருநாள் நான் விடுப்பில் இருந்தேன். அவர் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு புடவை விஷயமாகப் போக நேர்ந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு மயில் வரைந்துகொண்டிருந்தார். ஒற்றை மயில். இறகுக்கு இறகு கட்டம் கட்டமாக நிரப்பி முடித்துவிட்டு ஒரு பட்டனைத் தட்டினார். அதற்கு எதிரே அதே மாதிரி இன்னொரு மயில் வந்து நின்றது.

"ஒண்ணுதான் வரைவேன்," என்றார். "இன்னொண்ணு அதுவா வந்துரும். முன்னல்லாம் தாள்லயும் பாதிதான் வரைவோம். மீதிய தறி பாத்துக்கும்."

தை மாதத்தில் பாலாற்று வழியின் தாளை என்னிடம் கொடுத்தார். கீழே எங்கள் தெரு. அங்கிருந்து ஆற்றின் வடகரை மேலே ஏறிப் போனது. அரக்கு எங்கே, பச்சை எங்கே, இறங்க வேண்டிய இடம் எங்கே என்று எல்லாம் நுணுக்கமாக இருந்தன. தாளின் மறுபாதியில் தென்கரை கோடு மட்டும் இருந்தது. நிறங்கள் இல்லை.

"இந்தப் பாதி?" என்று கேட்டேன்.

"அது இதே மாதிரிதாம்மா. ஆத்துக்கு ரெண்டு பக்கமும் அதே மண்ணு, அதே கொல்லை, அதே ஆடு."

"போய்ப் பாத்தீங்களா?"

"ரெண்டு முனையும் பாத்துட்டேன். நடுவுல வழி இருக்குது."

ஒவ்வொரு தேதியையும் இரண்டுமுறை சரிபார்த்து எழுதுபவள் நான். அன்று நான் சரிபார்க்கவில்லை. நான்கு மாதமாக அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

தை மூன்றாம் ஞாயிறு, காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். வாசலிலிருந்து வாசலுக்கு என்ற முதல் சவாரி. ஐந்து பிள்ளைகள், அவர், கடைசியில் நான். வடகரை அவர் தாளில் இருந்தபடியே இருந்தது, கட்டம் பிசகாமல். ஏழு மணிக்கு ஆற்றில் இறங்கினோம். மணலில் சைக்கிளைத் தள்ளுவது எவ்வளவு வேலை என்று தள்ளியவர்களுக்குத்தான் தெரியும். கடந்து முடிக்க அரை மணிக்கு மேல் ஆயிற்று. தென்கரையில் ஏறி மேற்கே திரும்பினோம். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினார்கள்.

எட்டு இருபதுக்கு வழி முடிந்துவிட்டது. புதிதாக மனை போட்டுக் கல் நட்டிருந்தார்கள். கம்பி வேலி கரையின் விளிம்புவரை வந்து நின்றது. விளிம்புக்குக் கீழே கரை செங்குத்தாக வெட்டுண்டு, இரண்டு ஆள் ஆழத்துக்கு இறங்கியது. அதற்குக் கீழே ஆற்றில் தண்ணீர் ஓடியது. மணல் அள்ளிய பள்ளங்கள் அதில் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கேட் இருந்தது, திறந்தே. அதற்குள் நுழைந்து இருநூறு அடி போனால் தார் ரோடு. ஏறினால் பாலம் வழியாக இருபது நிமிடத்தில் வீடு. ஒன்பதுக்கு முன்னால்.

லாரி ஒன்று அந்த ரோட்டில் போனது. சத்தம் கேட்டது.

"அங்கிள், ரோட்டுல போயிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் தருண். அடிபட்டவனே சொன்னான்.

"ஓரமாத்தான் போவோம்," என்றாள் யாழினி. "ஒன்பது மணியும் தப்பாது. ரெண்டுல ஒண்ணாவது காப்பாத்தலாம்ல?"

எல்லாரும் பவித்ராவைப் பார்த்தோம். அவள் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இவர் வேலியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், வெறுமையாக இருந்த அந்தப் பாதியை. காதுக்குப் பின்னாலிருந்து பென்சிலை எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு போனை எடுத்துப் பவித்ராவின் அம்மாவைக் கூப்பிட்டார். சுற்றி நின்ற எங்களுக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"நான்தாம்மா. பசங்க நல்லா இருக்குறாங்க. ஒம்பது மணிக்கு வர முடியாது."

"இன்னா ஆச்சு?"

"வழிய தப்பா வரைஞ்சிட்டேன். என் தப்புதான். இங்க வேலி போட்டு அடைச்சிருக்குது."

"பக்கத்துல ரோடு இருக்குதா?"

"இருக்குது. இருநூறு அடி."

"எங்கிட்ட இன்னா சொன்னீங்க?"

"ரோட்டுல ஏற மாட்டோம்னு சொன்னேன்."

"அப்ப?"

"அதான், வந்த வழியாவே திரும்பறோம். பதினோரு மணிக்கு மேல ஆவும்."

"சரி," என்று வைத்துவிட்டார்.

மற்ற நான்கு வீடுகளுக்கும் அவரே பேசினார். ஒவ்வொரு வீட்டிலும் அதே வாக்கியம், "என் தப்புதான்" உட்பட. சைக்கிள்களைத் திருப்பினோம்.

"உங்கம்மா கத்தவே இல்லியேடி," என்றாள் யாழினி.

"அதான் பயமா இருக்கு," என்றாள் பவித்ரா.

வெயில் ஏறிய மணலில் திரும்பிக் கடந்ததைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஒரு பம்புசெட்டில் முகம் கழுவித் தண்ணீர் குடித்தோம். யாரும் பாடவில்லை. பதினொன்று இருபதுக்குத் தெருவில் நுழைந்தோம். அம்மாக்கள் நின்றிருந்தார்கள். பவித்ராவின் அம்மா மகளை மேலும் கீழும் பார்த்தார். "போய்ச் சாப்பிடு," என்றார். டிசைன்காரரை அவர் பார்க்கக்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு பவித்ரா வரவில்லை. அதனால் யாரும் வரவில்லை. யாழினியின் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போனது.

மூன்று ஞாயிறுகள் அப்படிப் போயின. மூன்றிலும் அவர் விடியும்போதே தனியாகக் கிளம்பிப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். திரும்பும்போது முழங்கையிலும் கணுக்காலிலும் முள் கீறல்கள் இருக்கும். ஒருநாள் சட்டை தோளில் கிழிந்திருந்தது. "இருக்குதா?" என்று கேட்டேன். அவரிடம் கேட்ட கேள்விகளிலேயே பதில் வராமல் போனது அது ஒன்றுதான். தலையை அசைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அந்த அசைவு ஆமாவா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது. அவர் உறுதியாகப் பேசுவதில் நாங்கள் எல்லோரும் எவ்வளவு சாய்ந்து நின்றிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான்காவது வாரம், சனிக்கிழமை மாலை, புதுத் தாளோடு வந்தார்.

"அந்த அம்மா வீடுவரைக்கும் வர்றீங்களா? தனியா போக ஒரு மாதிரி இருக்குது."

பவித்ராவின் அம்மா தறியில் இருந்தார். குழியில் இறங்கியிருந்த காலை எடுக்காமலே தாளை வாங்கி, பாவின்மேல் படாமல் மடியில் விரித்தார். எங்களில் யாரும் அந்தத் தாளை அவரைப்போலப் படித்ததில்லை. கீழ் ஓரத்தில் விரலை வைத்து, வரிவரியாக மேலே ஏறினார். வடகரை முடிந்து ஆற்றைக் கடந்தது விரல். தென்கரையில் இறங்கி வந்தது. இந்தமுறை அந்தப் பாதியிலும் நிறங்கள் இருந்தன. எதிர்ப்பாதியைப் போல ஒரு கட்டம்கூட இல்லை. பச்சை இருந்த இடத்துக்கு எதிரே அரக்கு, அரக்குக்கு எதிரே ஒன்றுமில்லாத வெறும் மண்.

விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இங்க இன்னா? காலியா இருக்குது."

"ஏழு கட்டம்மா. அந்த வேலி இருக்கிற எடம்."

"அதான், அங்க இன்னா வழி?"

"தெரியலம்மா," என்றார் அவர்.

தறி நின்றுபோய் வெகுநேரம் ஆகியிருந்தது. உள்ளே குக்கர் சத்தம் கேட்டது.

"மூணுவாட்டி போய்ப் பாத்தேன். கரை வெட்டுண்ட எடத்துல ஆடு எறங்குது. நானும் எறங்கிட்டேன். கீழ ஓரமா காஞ்ச மணல் இருக்குது, தண்ணி தள்ளிப் போயிடுச்சி. நடந்து அந்தப் பக்கம் போயிட்டேன். ஆனா சைக்கிளோட ஏற முடியல. ஒரு ஆளா ஏத்த முடியல. ஆளுங்க இருந்தா முடியுமா, அதுவும் எனக்குத் தெரியல. முடியலன்னா வந்த வழியே திரும்பணும். அதுக்காக அஞ்சு மணிக்கே கெளம்பணும். திரும்ப வேண்டி வந்தா பத்தரை ஆவும். இப்பவே சொல்லிட்டேன்."

அவர் இவ்வளவு நீளமாக, இவ்வளவு 'தெரியல'வோடு பேசி நான் கேட்டதே இல்லை.

"அன்னிக்கே இந்த எடத்த இப்பிடிக் காலியா விட்டுக் காட்டியிருந்தா நான் இன்னா கடிச்சா வச்சிருப்பேன்?" என்றார் அந்த அம்மாள்.

"டிசைன்ல காலியா விட்டுப் பழக்கம் இல்லம்மா."

"பழகிக்கோங்க."

தாளை மடித்துக் கொடுத்தார். அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் தறி ஓடத் தொடங்கிவிட்டது.

மறுநாள் மாசி இரண்டாம் ஞாயிறு. ஐந்து மணிக்குத் தெருமுனையில் நின்றோம். யாழினி, தருண், மற்ற இரண்டு பேர், நான், அவர். ஐந்து ஐந்து ஆயிற்று. தருண் ஹெல்மெட்டைக் கழற்றினான். "வரமாட்டா," என்றான். இவர் டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து எட்டுக்குச் சங்கிலிச் சத்தம் கேட்டது. பவித்ரா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தனியாகத்தான் வந்தாள்.

"அம்மா இன்னா சொன்னாங்க?" என்றார்.

"ஒண்ணும் சொல்லல. அலாரம் வச்சி எழுப்புனாங்க."

அந்த ஏழு கட்டத்துக்கு ஏழே முக்காலுக்கு வந்து சேர்ந்தோம். அவர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, முன்னால் போகாமல் ஒதுங்கி நின்றார். "நீங்க பாருங்க," என்றார். பிள்ளைகள் விளிம்பில் குனிந்து பார்த்தார்கள். ஆடுகள் இறங்கி இறங்கிக் கரையில் படி மாதிரி ஆகியிருந்தது. யாழினி முதலில் இறங்கினாள். பாதியில் நின்றுகொண்டு, "குடு," என்று கையை நீட்டினாள். மேலிருந்து தருண் ஒரு சைக்கிளை இறக்கினான். அவள் வாங்கிக் கீழே நின்றவனிடம் கொடுத்தாள். ஒவ்வொன்றாக ஏழு சைக்கிளும் கைமாறி இறங்கின. என் ஸ்டாண்டு சைக்கிளுக்கு மட்டும் நான்கு பேர் வேண்டியிருந்தது. "ஆன்ட்டி, இத எடைக்குப் போட்ருங்க," என்றான் தருண். காய்ந்த மணலில் தள்ளிக்கொண்டு போய், மனைக்கு அந்தப் பக்கம் அதேபோல ஏற்றினோம். இருபத்தைந்து நிமிடம். ஓர் ஆளுக்கு அங்கே வழி இல்லை, ஏழு பேருக்கு இருந்தது. எப்போதும் தனியாகவே போய்ப் பார்த்து வந்த மனிதருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

மேலே ஏறியதும் அவர் தாளை எடுத்தார். இது என்ன நிறம் என்று பிள்ளைகளுக்குள் சண்டை வந்தது. அரக்கு என்றான் தருண், சாம்பல் என்றாள் யாழினி. பவித்ரா பென்சிலைப் பிடுங்கி, ஏழு கட்டத்துக்குள்ளும் ஏழு குட்டிக் குச்சி மனிதர்களை வரைந்தாள். நெசவுக்கு ஆகாத டிசைன் என்றார் அவர். ஆனாலும் அழிக்கவில்லை.

எட்டு ஐம்பத்திரண்டுக்குத் தெருவில் நுழைந்தோம். பவித்ராவின் அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகள் சைக்கிளை நிறுத்திவிட்டு முழங்கால்வரை மணலோடு உள்ளே ஓடினாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு, ஒரு மாதத்துக்குப் பின் முதல்முறையாக, டிசைன்காரரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"அடுத்த வாரம் எத்தன மணிக்கி எழுப்பணும்?"